அரை டம்ளர் அரிஷ்டம்

"ஒரு குடிகாரனை வரைங்க."

என் வகுப்பு இப்படித்தான் ஆரம்பிக்கும். ஆளுக்கொரு தாளைக் குடுத்து வரையச் சொல்லுவேன். பொன்மாலை இல்லத்துல வேலைக்குச் சேர்ற நர்ஸ், கேர்டேக்கர், சமையல் ஆளு, வாட்ச்மேன் எல்லாரும் வரைஞ்சே ஆகணும். எல்லாத் தாள்லயும் ஒரே ஆள்தான் இருப்பான். லுங்கி அவுந்து கிடக்கற ஆம்பளை, பக்கத்துல பாட்டில், ஒரு சாக்கடை. சில பேரு நாயையும் சேர்த்துக்குவாங்க. இத்தனை வருஷத்துல ஒருத்தராவது நெத்தி நெறையத் திருநீறு பூசின ஒரு பெரியம்மாவை வரைஞ்சதில்ல. என்கிட்டக் குடுத்திருந்தா நானும் வரைஞ்சிருக்க மாட்டேன்.

என் பேரு கோகிலவாணி. பேருல குயில் இருக்கு, குரல்ல இல்லைன்னு என் வீட்டுக்காரர் சொல்லுவாரு. நர்ஸா இருந்து, வார்டு சிஸ்டரா இருந்து, இப்பப் பயிற்சி குடுக்கற டீச்சரா ஆயிட்டேன். முதியோர் இல்லத்துல வேலை பாக்கறவங்க மனநலத்துலயும் போதைப் பழக்கத்துலயும் வருஷா வருஷம் பரீட்சை எழுதித் தேறணும்னு சட்டம் வந்ததுக்கு அப்புறம் எங்களை மாதிரி ஆளுங்களுக்கு மவுசு வந்துருச்சு. அதுக்கு முன்னாடி பயிற்சின்னா என்ன? ஒரு மத்தியானம் படம் போட்டுக் காட்டி, போண்டாவும் டீயும் குடுத்து, கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிருவாங்க. இப்ப அப்படியில்ல. இப்ப டூப்பு வந்தாச்சு.

டூப்புன்னு நாங்க வெச்ச பேரு. கம்பெனிக்காரங்க அதுக்கு 'பயிற்சி இணை'ன்னு நாகரிகமா ஒரு பேரு வெச்சிருக்காங்க. கம்பெனியில இருந்து வந்த பிரணவ்ங்கற பையன்தான் முதல் நாள் எனக்கு விளக்கினான்.

"மேடம், சினிமாவுல ஹீரோ கீழ விழற சீனுக்கு டூப் போடுவாங்க இல்ல? அதேதான். உங்க ஆளுங்க புதுசு, பேசத் தெரியாது, தப்புத் தப்பாப் பேசுவாங்க. அந்தத் தப்பை எதுக்கு நிஜ அம்மா மேல செய்யணும்? டூப்பு மேல செஞ்சு பழகட்டும்."

"டூப்பு எப்படி நிஜ அம்மா மாதிரியே பேசும்?"

"அவங்க ரூம்ல மைக் வெச்சிருப்போம். கேமரா கிடையாது மேடம், அது மரியாதையில்ல. சத்தம் மட்டும்தான். ஆறேழு மாசம் கேட்டாப் போதும். அவங்க பேசறது, முனகறது, பேசாம விடறது, ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கறாங்க, எதை எங்க வெக்கறாங்க, எல்லாத்தையும் சேர்த்து ஒரு ஆளைக் கட்டிருவோம். திரையில உக்காந்து அவங்களை மாதிரியே கோவிச்சுக்கும். ஒவ்வொரு தடவையும் பாடம் முடிஞ்சதும் நடந்த பேச்சை மட்டும் அழிச்சிருவோம், அடுத்த பாடத்துக்குப் புதுசா ஆரம்பிக்கும்."

"அந்தம்மாகிட்டச் சொல்லிட்டுத்தானே செய்யறீங்க?"

"எழுபத்தஞ்சு தாண்டிட்டா வாரிசு கையெழுத்தே போதும் மேடம். சொன்னா இயல்பாப் பேச மாட்டாங்க, டூப்பு நல்லா வராது."

அன்னைக்கே எனக்குச் சுருக்குன்னுது. ஆனா சட்டம் போட்டவங்க படிச்சவங்க, யோசிச்சுத்தான் போட்டிருப்பாங்கன்னு வாயை மூடிட்டேன். நான் வாயை மூடிட்டு இருக்கறது அபூர்வம். மூடக்கூடாத இடமாப் பாத்து மூடிக்கறது என் ராசி.

எங்க இல்லத்துல டூப்பு எடுத்தது சம்பூர்ணம்மாவை. ஏன் அவங்களைன்னா, அவங்ககிட்டப் பேசித் தேறிட்டா உலகத்துல யாருகிட்டயும் பேசலாம். அப்படி ஒரு ஆளு. பல்லடம் பக்கம் பெரிய தோட்டக்காரக் குடும்பம். மகன் தரணீதரன் திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்காரு. காலையில குளிச்சுத் திருநீறு பூசிட்டு உக்காந்தாங்கன்னா, வார்டுல ஒரு பய அவங்க முன்னால கை கட்டாம நிக்க மாட்டான். படுக்கை விரிப்புல சுருக்கம் இருந்தா, "உங்க ஊட்லயும் இப்படித்தான் விரிப்பயா?"ன்னு ஒரு கேள்வி. அதுக்குப் பதில் சொல்றதுக்குள்ள அந்தப் புள்ளைக்குக் கண்ணு கலங்கிரும்.

என்கிட்ட மட்டும் கொஞ்சம் பேசுவாங்க. நானும் பதிலுக்குப் பதில் பேசுவேன், அதனால இருக்கும். ஒரு நாள் அவங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொன்னாங்க. மனுசன் குடிச்சே அழிஞ்சவரு. "பொட்டி பொட்டியா வாங்கி வெப்பாரு அம்மணி. ஒரு நா அத்தனையும் வாசல்ல அடுக்கி, ஒலக்கையை எடுத்து ஒண்ணொண்ணா ஒடச்சேன். ஊரே நின்னு பாத்துது. அந்த வாடை என்ற ஊட்டுக்குள்ள வரப்படாது." சொல்லும்போது அவங்க மூஞ்சியில இருந்த பெருமையைப் பாக்கணும். அந்த ஊர்ல இன்னைக்கும் அவங்களை 'பாட்டில் ஒடச்ச சம்பூர்ணம்'னுதான் சொல்லுவாங்களாம்.

அவங்க ரூம் அலமாரியில அரிஷ்டம் பாட்டில் வரிசையா இருக்கும். தீரத் தீர மகன்தான் அட்டைப் பொட்டியில வாங்கி அனுப்புவாரு. செரிமானத்துக்கு. நாட்டு மருந்து. எங்க கோப்புல 'டானிக், சத்து மாவு, லேகியம்'னு ஒரு பத்தி இருக்கு, அதுல அதையும் எழுதி வெச்சிருந்தோம். அதை அதுக்கு மேல யாரும் யோசிக்கல.

ஒரு செவ்வாக்கிழமை. வகுப்புல சம்பூர்ணம்மாவோட டூப்பு. அன்னைக்குப் பாடம், சாப்பாட்டை ஒதுக்கற முதியவர்கிட்ட எப்படிப் பேசறதுன்னு. திரையில அவங்க கட்டில் மேல உக்காந்திருந்தாங்க. அதே சேலைக்கட்டு, அதே மொறைப்பு.

முதல்ல ஒருத்தன் போனான். "அம்மா, உங்க உணர்வுகளை நான் மதிக்கிறேன்."

"மதிச்சுட்டயா? சரி. கதவைச் சாத்திட்டுப் போ."

அடுத்து ஒரு பொண்ணு. "நீங்க என்ன சொன்னாலும் நான் கேக்கத் தயாரா இருக்கேங்கம்மா."

"நான் சொல்லத் தயாரா இல்லீங்க அம்மணி."

இப்படியே ஒவ்வொருத்தரா அடிபட்டுத் திரும்பி வந்தாங்க. புத்தகத்துல இருக்கற வாக்கியம் எல்லாம் தீர்ந்து போச்சு. எனக்கும் காலையில சாப்பிடல, பஸ்ல ஒருத்தியோட சண்டை வேற. பொறுமை போயிருச்சு. நேராப் போயித் திரை முன்னால நின்னேன்.

"அட என்னங்கம்மா நீங்க! இட்லி வேண்டாம், காப்பி வேண்டாம், பேச்சு வேண்டாம், ஆளே வேண்டாம். அப்ப என்ன எழவுதாங்க வேணும் உங்களுக்கு?"

வகுப்புல ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. பாடம் நடத்தற டீச்சரே எழவுங்கறாளே!

டூப்பு என்னை நிமிந்து பாத்துது. அப்புறம் சிரிச்சுது. "இத்தனை பேருல நீ ஒருத்திதான் மனுசி மாதிரி கேட்டிருக்கற. ஒரு அரை டம்ளர் அரிஷ்டம் குடு அம்மணி. கண்ணாடி டம்ளர்ல குடு. எவர்சில்வர்ல குடிச்சா ருசி தெரியறதில்ல."

பின்னாடி ஒருத்தன் பொக்குன்னு சிரிச்சான். அவ்வளவுதான், மொத்த வகுப்பும் சிரிச்சுது. எல்லாரையும் டீ குடிக்க வெரட்டிட்டுக் கதவைச் சாத்திட்டு வந்து உக்காந்தேன். இது வெறும் பொம்மைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டேன்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு மூடிதானுங்களேம்மா குடிக்கோணும்?"

"மூடிக்கணக்கெல்லாம் என்ற மகனுக்கு. எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு பாட்டில் பத்தறதில்ல."

"எப்ப இருந்துங்கம்மா?"

"அவரு போனதுல இருந்து. அந்த மனுசன் இருந்த வரைக்கும் ராத்திரியானா சண்டை. நான் கத்துவேன், அவரு கத்துவாரு. போயிட்டாரு. ஊடு அப்படியே அடங்கிப் போச்சு. சண்டை போடக்கூட ஆளில்லாத வெசனம் உனக்குத் தெரியுமா அம்மணி? செரிமானத்துக்குன்னு ஒரு மூடி குடிச்சேன். நல்லாத் தூக்கம் வந்துச்சு. இப்ப அது இல்லாம விடிஞ்சா கை ஆடுது. திருநீறு எடுத்தா நெத்திக்குப் போறதுக்குள்ள பாதி கொட்டிருது."

"இதை யாருகிட்டயாச்சும் சொல்லியிருக்கீங்களா?"

"ஒலக்கை எடுத்து ஒடச்சவ நானு. நான் போயி யாருகிட்டச் சொல்றது?"

நேரம் முடிஞ்சு திரை அணைஞ்சுது.

அரிஷ்டம்னா என்னன்னு நினைக்கறீங்க? மூலிகையும் வெல்லமும் பானையில போட்டு மாசக்கணக்குல ஊற வெச்சுப் புளிக்க வெக்கறது. புளிச்சா உள்ள சாராயச் சத்து ஊறத்தான் செய்யும். ரெண்டு மூடி குடிச்சா மருந்து. ரெண்டு பாட்டில் குடிச்சா, பேரு என்னவா இருந்தாலும் அது குடிதான். பீரு, பிராந்தி, கள்ளு, கஞ்சான்னு பத்துப் பாடம் நடத்தறேன், என் கண்ணு முன்னால அலமாரியில அடுக்கி வெச்சிருந்ததை நான் பாக்கல. மருந்துக்கடைச் சரக்குன்னா நம்ம சனத்துக்கு அது குடியே இல்ல.

உடனே பிரணவுக்குப் போன் போட்டேன். "தம்பி, டூப்பு சொல்றது நிஜமா, அதுவா இட்டுக் கட்டுதா?"

"அவங்க வாயால சொன்னது இல்ல மேடம். மூடி திறக்கற சத்தம், கண்ணாடி வெக்கற சத்தம், அதுக்கு முன்னாடி பின்னாடி அவங்க பேச்சு மாறற விதம், எல்லாத்தையும் வெச்சு அது ஊகிக்குது. எங்க ஊகம் பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். ஆனா நிஜம்னு எழுதிக் குடுக்க மாட்டோம்."

இதுல அவசரம் என்னன்னா, சம்பூர்ணம்மாவுக்குச் சர்க்கரை ஏறிப்போச்சு, அரிஷ்டத்துல வெல்லம் இருக்கு, திங்கக்கிழமையில இருந்து நிறுத்திருங்கன்னு சாப்பாட்டுக் கணக்கு பாக்கற பொண்ணு ஏற்கெனவே எழுதி வெச்சிருந்தா. வருஷக்கணக்கா ரெண்டு பாட்டில் குடிச்ச உடம்புல அதை ஒரேடியா நிறுத்தினா என்ன ஆகும்னு என் வகுப்புல முதல் பாடமே அதுதான். நடுக்கம் வரும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், வலிப்பு வரும். அந்த வயசுல வலிப்பு வந்தா ஆளே போயிரும். கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும், கூடவே மாத்திரை குடுக்கணும். அது நடந்தாப் பொழைச்சுக்குவாங்க.

டாக்டர் நவநீதன்கிட்ட ஓடினேன். நல்ல மனுசன்தான், ஆனா சட்டத்துக்குப் பயந்தவரு.

"சிஸ்டர், டூப்பு சொன்னதை வெச்சு நான் எப்படி மருந்து எழுதறது? பயிற்சியில வர்ற பேச்சை நிஜ நோயாளி கோப்புல ஏத்தக் கூடாதுன்னு தெளிவா இருக்கு. அதுவும் குடிப்பழக்கம்னு. அவங்க மகன் என்னை உண்டு இல்லைன்னு பண்ணிருவாரு."

"அப்ப சாகட்டும்ங்கறீங்களா?"

"கோவப்படாதீங்க. அவங்க வாயால ஒரு 'ஆமா' சொல்லச் சொல்லுங்க. அன்னைக்கே ஆரம்பிச்சுடறேன்."

ஒரு 'ஆமா'. திங்கக்கிழமைக்குள்ள. இவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் அவங்க ரூமுக்குப் போனேன். கதவு தாழ் போட்டிருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் திறந்தாங்க. வாயில ஏலக்காய் மணம். நான் ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் பேசி, மெதுவா அதுக்கு வந்தேன்.

"திங்கக்கிழமையில இருந்து அரிஷ்டம் வேண்டாம்னு எழுதியிருக்காங்கம்மா. ஒரேடியா விடறது உடம்புக்கு ஆகாதுங்க. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை, கொஞ்சம் அதிகமா எடுத்துக்கறேன்னு சொல்லிட்டீங்கன்னா..."

"நான் எதுக்கு அதிகமா எடுக்கறேன்? சாப்பிட்டா ரெண்டு மூடி."

"ரெண்டு மூடி ஊத்தறதுக்குக் கண்ணாடி டம்ளர் எதுக்குங்கம்மா?"

சொன்ன நொடியே நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அந்த டம்ளரை ரூம்ல யாருமே பாத்ததில்ல. துணிக்கு நடுவுல சுத்தி வெச்சிருப்பாங்க போல.

அவங்க அப்படியே என்னைப் பாத்தாங்க. "கண்ணாடி டம்ளர்னு உனக்கு யாரு சொன்னது?"

பொய் சொல்லியிருக்கலாம். கூட்டறப்ப யாரோ பாத்தாங்கன்னு சொல்லியிருந்தா அந்தப் பொய்யை அவங்க தாங்கியிருப்பாங்க. எனக்குப் பொய் வராது, வந்தாலும் மூஞ்சி காட்டிக் குடுத்துரும். மைக், திரை, டூப்பு எல்லாத்தையும் சொல்லிட்டேன். நல்லதுக்குத்தாங்கம்மா செஞ்சதுன்னும் சொன்னேன். அவங்க சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிட்டு எந்திரிச்சாங்க.

"எங்க இருக்கறா அவ? காட்டு."

"வேண்டாங்கம்மா."

"என்ற மாதிரி ஒருத்தி இந்தக் கட்டடத்துல உக்காந்துட்டு என்ன பேசறான்னு எனக்குத் தெரிய வேண்டாமா? நட."

பரீட்சை வெள்ளிக்கிழமைங்கறதால அன்னைக்குப் பயிற்சி அறையில பசங்களாவே கூடிப் பழகிட்டு இருந்தாங்க. அது என் நெனப்புலயே இல்ல. கதவு பாதி திறந்திருந்துச்சு. செவ்வாக்கிழமை நான் கோவத்துல கேட்ட கேள்வியை இதுங்க குறுக்கு வழியாப் புடிச்சுக்கிட்டு இருக்குதுங்க. அதைக் கேட்டா டூப்பு வாயைத் திறக்குது, மார்க் விழுது. ஒரு பொண்ணு சிரிப்பை அடக்கிக்கிட்டுத் திரையைப் பாத்துக் கேக்கறா, "என்ன எழவுதாங்க வேணும் உங்களுக்கு?"

"ஒரு அரை டம்ளர் அரிஷ்டம் குடு அம்மணி," அப்படிங்குது சம்பூர்ணம்மா குரல்.

"இந்தாங்க அரிஷ்டம்மா!"ன்னு ஒருத்தன் பின்னால இருந்து சத்தம் குடுத்தான். மொத்தக் கும்பலும் சிரிச்சுது. பட்டப்பேரு வேற வெச்சாச்சு.

எனக்கு அவனைப் புடிச்சு அறையணும் போல இருந்துச்சு. சம்பூர்ணம்மா என் கையை அழுத்திப் புடிச்சாங்க. திரையில இருக்கறவளையே கொஞ்ச நேரம் பாத்தாங்க. அங்க அவ வெக்கமே இல்லாம, நிம்மதியா, ரெண்டு பாட்டில் கணக்கைச் சொல்லிட்டு இருந்தா.

"வா அம்மணி, போலாம்."

ரூமுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்தாங்க. ஒவ்வொரு பாட்டிலா எடுத்து, மூடி திருகி, வாஷ்பேசின்ல கவுத்தாங்க. நான் கையைப் புடிச்சேன், தள்ளி விட்டாங்க. ரூமெல்லாம் அந்த வாடை. கடைசி பாட்டிலையும் கவுத்துட்டுக் குழாயைத் திறந்து விட்டாங்க.

"இனிமே சொல்லச் சொல்லு அவளை, நான் குடிக்கறேன்னு. எவ பொய் சொல்றான்னு பாக்கறேன்."

"அம்மா, மானம் போனாப் போகுதுங்க. உசிரு முக்கியம்ங்க."

"அது உனக்கு," அப்படின்னாங்க.

டாக்டரைக் கூட்டிட்டு வந்தேன். அந்தம்மா நிமிந்து உக்காந்து, ரெண்டு கையையும் தொடைக்குக் கீழ வெச்சு அமுக்கிக்கிட்டு, அவரைப் பாத்துச் சிரிச்சாங்க. "ஏஞ்சாமி, என்னையைப் பாத்தாக் குடிக்கறவ மாதிரியா தெரியுது?" டாக்டர் என்னை ஒரு பார்வை பாத்துட்டு, "மன்னிச்சுக்கங்கம்மா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

சாயங்காலம் தரணீதரன் போன்ல வந்தாரு. டாக்டர்கிட்ட இருந்து எப்படியோ சேதி போயிருச்சு.

"மேடம், எங்கம்மாவைக் குடிகாரின்னு சொன்னீங்களாமே? எங்கப்பா குடிச்ச பாட்டிலை ஒலக்கையால ஒடச்சவங்க எங்கம்மா. எங்க ஊர்ல போயிக் கேளுங்க."

"தெரியும்ங்க சார். அதனாலதான் அவங்களால சொல்ல முடியல. ஒரு தடவை இரத்தம் எடுத்துப் பாக்கறதுக்குக் கையெழுத்து மட்டும் போட்டுருங்க."

"எதுக்கு? நாளைக்கு அது எங்கயாவது வெளிய வந்தா என் பொண்ணுக்குச் சம்பந்தம் பேசறவன் என்ன நினைப்பான்? மேடம், அவங்க சர்க்கரைக்காக அரிஷ்டத்தையே ஒரே நாள்ல தூக்கிப் போட்டுட்டாங்க. குடிக்கறவங்களால அப்படி விட முடியுமா? நீங்களே சொல்லுங்க."

கேள்வி நியாயமாத்தான் தெரியும். விட முடியாதவன்தான் குடிகாரன்னு எல்லாரும் நினைக்கறாங்க. விட்டதனாலேயே செத்தவங்க எத்தனை பேருன்னு யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில இருந்தே நடுக்கம் ஜாஸ்தி. வார்டு சிஸ்டர் 'வயோதிக நடுக்கம்'னு எழுதினா. வேர்வை கொட்டுது. 'அறையில் புழுக்கம்'. என் மாணவிதான் அவ. என் பரீட்சையில முதல் மார்க் எடுத்தவ. நான் போயிக் கத்தினதுக்கு, "கோப்புல குடிப்பழக்கம் இல்லைன்னு இருக்குதே மேடம்"னு நின்னா. டாக்டர்கிட்டப் போனேன். மகன் கையெழுத்து இல்லாம என்னைத் தொடச் சொல்லாதீங்கன்னாரு. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புங்கன்னேன். எதுக்குன்னு எழுதி அனுப்பறதுன்னு கேட்டாரு. நாசமாப் போறவங்களா, ஒரு வார்த்தை எழுத ஒருத்தனுக்கும் கை வரல.

சனிக்கிழமை காலையில நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்து நாட்டு மருந்துக்கடைக்குப் போனேன். ஒரு பாட்டில் அரிஷ்டம் வாங்கிக் கைப்பையில வெச்சுக்கிட்டேன். போதைப் பழக்கத்தை ஒழிக்கப் பாடம் நடத்தற டீச்சர், நோயாளிக்குச் சரக்கு கடத்திட்டுப் போறா! வாட்ச்மேன் வணக்கம் வெச்சான். என்னைச் சோதிக்கணும்னு அவனுக்குத் தோணுமா?

ரூம்ல அவங்க சுவத்தோரமாச் சாஞ்சு உக்காந்திருந்தாங்க. நெத்தியில திருநீறு கோணலா இழுத்திருந்துச்சு. மடியெல்லாம் கொட்டிக் கிடந்துச்சு.

பாட்டிலை எடுத்தேன். "அம்மா, உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன். ஒரு நாலு மூடி குடிங்க. யாருக்கும் தெரியாது. நானும் சொல்ல மாட்டேன். நாளைக்குக் கொஞ்சம் குறைச்சுக்கலாம், நாளான்னிக்கு இன்னும் கொஞ்சம். சத்தியமா நானே கொண்டாந்து குடுக்கறேன்."

அவங்க பாட்டிலைப் பாத்தாங்க. அந்தப் பார்வையை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். பசிச்ச குழந்தை பால் டம்ளரைப் பாக்கற மாதிரி பாத்தாங்க. ஒரு கை தானா நீண்டுது. இன்னொரு கையால அந்தக் கையைப் புடிச்சு இழுத்து மடியில வெச்சுக்கிட்டாங்க.

"ஊத்திக் குடுத்துக் கெடுக்கற டீச்சரை இப்பத்தான் பாக்கறேன்," அப்படின்னாங்க. பல்லு தடதடங்குது, அதுலயும் ஒரு குசும்பு. அப்புறம், "அம்மணி, மெத்தையில எறும்பு ஊருது பாரு. தட்டி விடு," அப்படின்னாங்க.

மெத்தையில எறும்பு இல்ல. நான் தட்டி விட்டேன். எனக்கு அழுகை வந்துருச்சு.

"இதையும் அவகிட்டச் சொல்லிருவயா?"

"யாருகிட்டங்கம்மா?"

"அந்தச் சிறுக்கிகிட்ட. திரையில இருக்கறாளே."

"சொல்ல மாட்டேங்கம்மா. இதைக் குடிங்கம்மா."

குடிக்கல. வாயை இறுக்கி மூடிக்கிட்டாங்க. வாயில ஊத்தியிருக்கலாம், புடிச்சு அமுக்கி ஊத்தியிருக்கலாம்னு இப்பத் தோணுது. நோயாளியை வற்புறுத்தக் கூடாதுன்னுதான் ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேனே, எனக்கே கை வரல.

ஞாயித்துக்கிழமை விடியக்காலம் வலிப்பு வந்துச்சு. ஒண்ணு நின்னு அடுத்தது, அது நின்னு அடுத்தது. ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. 'முதுமை, சர்க்கரை நோய்'னு எழுதினாங்க. திங்கக்கிழமையில இருந்து நிறுத்தவும்னு எழுதின அரிஷ்டம் அவங்களைத் திங்கக்கிழமை வரைக்கும் விட்டு வெக்கல.

இழவு வீட்டுக்குப் போனேன். தரணீதரன் என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. "என்ன வைராக்கியம் பாத்தீங்களா மேடம். ஒரு மருந்தை விடுன்னா விட்டாங்க." சுத்தியிருந்த சனமெல்லாம் ஆமா ஆமான்னுச்சு. நான் வாயைத் திறந்தேன். எதிர்ல அவங்க படம். மாலை போட்டு, பொட்டு வெச்சு, அதே பெருமை. திறந்த வாயை மூடிட்டு வந்துட்டேன்.

டூப்பை அழிச்சிருங்கன்னு பிரணவுக்கு எத்தனையோ தடவை சொன்னேன்.

"அழிக்கவா? மேடம், இருக்கறதுலயே இதுதான் சிறந்த டூப்பு. மறைவான போதைப் பழக்கம், அதுவும் வயசான பெண், அதுவும் மருந்து வடிவத்துல. உலகத்துலயே இல்லை மேடம் இந்த மாதிரி. மாநிலம் முழுக்க எல்லா இல்லத்துக்கும் இதைத்தான் அனுப்பப் போறோம். பேரை மாத்திட்டோம், கவலைப்படாதீங்க."

பேரை மாத்திட்டாங்களாம். குரலு, மொறைப்பு, ஒலக்கை, கண்ணாடி டம்ளரு எல்லாம் அப்படியே இருக்கு.

வேலையை விட்டுட்டுப் போக வேண்டியதுதானேன்னு என் வீட்டுக்காரர் கேட்டாரு. போனா வேற எவளோ வந்து நடத்துவா. அரிஷ்டம்மான்னு கூப்பிட்டுச் சிரிக்கறவனை வெளிய தள்ளறதுக்காவது நான் இருக்கணும்னு நினைச்சேன். இப்ப எவனும் சிரிக்கறதில்ல. பாடம் நல்லா ஏறியிருக்கு. பசங்க பதமாப் பேசறாங்க, டூப்பு மனசு விட்டுச் சொல்லுது, "டாக்டர்கிட்டச் சொல்லிரலாங்களாம்மா?"ன்னு கேட்டா, கொஞ்சம் யோசிச்சுட்டு 'ஆமா'ங்குது. அந்த ஒரு 'ஆமா'. திரையில பச்சை எழுத்துல 'நோயாளி காப்பாற்றப்பட்டார்'னு வரும், எல்லாரும் கை தட்டுவாங்க. இன்னைக்குக் காலை பேட்ச்ல மட்டும் மூணு பேர் அவங்களைக் காப்பாத்திட்டாங்க.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனப்ப நான் கதவைத் தாழ் போட்டுட்டுத் திரை முன்னால உக்காந்தேன். பாடம் எதுவும் போடல, சும்மா ஆரம்பிச்சு விட்டேன்.

"யாரு அம்மணி நீ? புதுசா?"

"ஆமாங்கம்மா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லு."

"நீங்க செத்துப் போயிட்டீங்கம்மா."

டூப்புகிட்ட இப்படி ஒரு வாக்கியம் யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. அது சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கிச்சு.

"எதுனால?"

"அரிஷ்டத்தை ஒரேடியா விட்டுட்டீங்க. வலிப்பு வந்துருச்சு."

"ஓ." அப்புறம் என்னை நேராப் பாத்துது. நான் எத்தனையோ தடவை திட்டு வாங்கின அதே பார்வை, ஆனா கொஞ்சம் பயந்த மாதிரி இருந்துச்சு. "விசயம் யாருக்கும் தெரியாமத்தானே போனேன்?"

எனக்குப் பொய் வராதுன்னு சொன்னேனே. வந்துச்சு.

"யாருக்குமே தெரியாதுங்கம்மா."

"அது போதும்," அப்படின்னு சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிச்சு. நான் அந்தப் பேச்சை மட்டும் அழிக்கற பட்டனை அமுக்கினேன். அதுக்குள்ள மத்தியானப் பேட்ச் சாப்பிட்டு வந்து கதவைத் தட்ட ஆரம்பிச்சுட்டாங்க. மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டுப் போயித் தாழைத் திறந்து விட்டேன்.